பேத்தோவன் வயலின் கான்செர்ட்டோ: விட்டுப் போகாத அந்த ஓர் இடம்

முதல் பாகத்தில் கடென்சா (தனிக் கலைஞர் தன் திறமையைக் காட்டும் பகுதி) முடிந்ததும் வருமே, அதுதான். அதுவரை இரண்டாம் மெட்டை ஆர்கெஸ்ட்ராதான் பாடுகிறது, தனி வயலின் அதைச் சுற்றி அலங்காரம்தான் செய்கிறது. கடைசியில் மெட்டு முழுசாக அதன் கைக்கு வரும்போது ஜி, டி தந்திகளில் மட்டும் வாசிக்கச் சொல்லியிருக்கிறார் பேத்தோவன், கீழே பிட்ஸிகாட்டோ (வில்லில்லாமல் விரலால் மீட்டுவது). மெனுஹின்–ஃபுர்ட்வாங்லர் (வயலின் கலைஞர்–ஆர்கெஸ்ட்ரா நடத்துநர்) 1953 பதிவில் இந்த இடத்தில் துளி அவசரம் இல்லை. வில்லை மாற்றுவதே காதில் விழாது. இதற்கு மேல் ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.

*

இருக்கிறது. ஷ்னைடர்ஹான்–யோஹும், பெர்லின் ஃபில்ஹார்மோனிக், 1962. நீங்கள் சொல்லும் இடத்தின் கனத்தைத் தீர்மானிப்பதே அதற்கு முன்னால் வரும் கடென்சாதான். வயலினுக்கென்று பேத்தோவன் கடென்சா எழுதி வைக்கவில்லை. இதே படைப்பைப் பியானோவுக்கு மாற்றியபோது எழுதினார், அதில் டிம்பனி முரசும் சேர்ந்து வாசிக்கும். ஷ்னைடர்ஹான் அதை வயலினுக்குக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் கேட்ட ஐந்து டிம்பனி அடிகளின் நினைவு அங்கே திரும்ப எழும்பி, அந்த ஆரவாரம் அடங்கிய பிறகு மெட்டு வருகிறது. வயலின் கலைஞர் கிரைஸ்லர் எழுதிய கடென்சாவிலோ முதல் மெட்டும் இரண்டாம் மெட்டும் இரட்டைத் தந்தியில் ஒன்றாகவே ஒலித்துவிடுகின்றன. பிறகு கோடாவில் (பாகத்தின் முடிவுப் பகுதி, நீங்கள் சொல்லும் இடம்) அதே மெட்டு வரும்போது காது ஏற்கெனவே அதைப் பெற்றுவிட்டது.

*

கிரைஸ்லரை அப்படித் தள்ள வேண்டாம் சார். அவரே நடத்துநர் லியோ பிளெஹுடன் 1926-ல் வாசித்ததைக் கேளுங்கள். இரண்டு மெட்டும் பின்னும்போது கீழ்க்குரல் எங்கும் தடுமாறாது. அதைக் கேட்ட பிறகு கோடா எனக்குப் பழையதாகத் தெரியவில்லை, முன்பே அறிமுகமானவர் தனியே வந்து பேசுவதுபோல இருக்கிறது.

ஆனால் இப்படி ஒப்பிடும் எல்லோரும் முதலில் ஒலி அளவைச் சமப்படுத்த வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே அதைத்தான் 'உயிருள்ள வாசிப்பு' என்று காது தேர்ந்தெடுக்கும். ஆர்கெஸ்ட்ரா முழுவதும் சேர்ந்து உரக்க வாசிக்கும் இடத்தில் சமப்படுத்தாதீர்கள், பழைய மோனோ பதிவுகளில் அந்த இடங்கள் அமுங்கியிருக்கும். தனி வயலின் நிதானமாகப் பாடும் இடத்தை எடுங்கள். அடுத்தது வேகம். 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) பழைய இசைத்தட்டுகள் எல்லாம் சரியாக 78-ல் பதிவானவை அல்ல. ஒரு சதவீதம் வேகம் கூடினால் 24 நிமிடப் பாகம் சுமார் 14 விநாடி குறையும், சுருதி அரைசுருதியில் ஆறில் ஒரு பங்கு ஏறும். தொடக்கத்தில் டிம்பனி அடிக்கும் டி சுரம் 147 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறதா என்று ட்யூனரில் (சுருதி அளக்கும் கருவி) பாருங்கள். எல்பியில் கேட்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: முதல் பாகமே பெரும்பாலும் ஒரு பக்கத்தை நிரப்பிவிடும், நாம் பேசும் கோடா லேபிளுக்குப் பக்கத்தில் போய் விழும். விளிம்பில் விநாடிக்கு 50 செ.மீ. போல ஓடும் தடம் அங்கே 21 செ.மீ. அளவுக்குக் குறைகிறது. கூம்பு முனை ஊசி அந்த நெருக்கமான அலைகளுக்குள் இறங்காது, ஒலி கரகரக்கும். நீள்வட்ட முனையோ அதைவிட நுண்ணிய முனையோ போட்டு, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தையும் சரிபார்த்த பிறகு வாசிப்பவரைக் குறை சொல்லுங்கள்.

*

டிம்பனியை வைத்துச் சுருதி பார்ப்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. செஹெட்மையர்–ப்ரூஹன் போன்ற பழங்காலக் கருவிக் குழுக்கள் ஏ சுருதியைப் பெரும்பாலும் 430 ஹெர்ட்ஸில் வைக்கின்றன. இன்றைய வழக்கமான 440-ஐவிட அரைசுருதியில் ஐந்தில் இரண்டு பங்கு கீழே. அதை வேகப்பிழை என்று நினைத்துத் திருத்தினால் வாசிப்பே கெட்டுவிடும்.

எனக்கு மறக்காத இடம் கோடா அல்ல, முதல் பாகத்தின் பத்தாவது அளவு (தாளச் சுற்று, bar). மரக்காற்றுக் கருவிகள் டி மேஜரில் அமைதியாக முடித்ததும், முதல் வயலின்கள் டிம்பனியின் அதே தாளத்தில் டி ஷார்ப்பை (டி-க்கு அரைசுருதி மேலே உள்ள சுரம்) மெல்ல நான்கு முறை தட்டும். எந்தத் துணைச் சுரமும் கிடையாது. ஹைஃபெட்ஸ்–மன்ச் 1955 வேகமான பதிவு, முதல் பாகம் 20 நிமிடத்துக்குச் சற்று மேல்தான். அதில் அந்த நான்கு சுரங்களும் கதவு தட்டுவதாகக் கேட்காமல் நடையின் தொடர்ச்சியாகவே கேட்கின்றன. வேகம் என்றால் அவசரம் என்று சொல்பவர்கள் அங்கிருந்து தொடங்கிக் கேட்கட்டும்.