புதுப்பிப்பு: அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பருவத் தொடக்கத்திலேயே மான் கிடைத்தது

செப்டம்பர் இறுதியில் வில் வேட்டைப் பருவம் தொடங்கும்போது சோளக்கொல்லை ஓரத்தில் அமர்வதா, காட்டுக்குள் செல்வதா என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். மான்கள் விரும்பித் தின்னும் கொட்டைகளைத் தரும் வெள்ளை ஓக் மரத்தைத் தேடச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. கொட்டைகள் உதிரத் தொடங்கிய ஒரு மரத்திலிருந்து காற்று என்னை நோக்கி வீசும் பக்கத்தில் பரண் அமைத்தேன்; பொழுது சாயும் வேளையில் வந்த வெள்ளைவால் பெண்மான் பக்கவாட்டில் திரும்பி நின்றபோது, 20 கஜத் தொலைவில் குறுக்குவில்லின் விசையை அழுத்தினேன். அம்பில் படிந்திருந்த இரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருந்ததால் நுரையீரலில் பாய்ந்தது உறுதியாயிற்று. ஆயினும் மான் விரட்டப்படாமல் அமைதியாக உயிர்விடட்டும் என்று அரைமணி நேரம் பொறுத்தே தடம் பிடித்தேன், அதுவே விலங்குக்கு நாம் செய்யும் மரியாதை. வெப்பம் தணியாத காலமாதலால் குடலை உடனே நீக்கி, உள்ளே பனிக்கட்டிப் பைகளை வைத்தேன். வேட்டையாடிய மானை மறுநாள் நண்பகலுக்குள் மாநில அரசிடம் தெரிவிக்க வேண்டிய பதிவையும் அன்றிரவே முடித்துவிட்டேன்.