நியூட்ரல் போனால் ஸ்பைக் கார்டு தாங்காது: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ஐப்பசி மழையில் வேப்பமரக் கிளை விழுந்து எங்கள் தெரு போஸ்ட்டில் கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி அறுந்தது. அப்படி அறுந்தால் மூன்று ஃபேஸிலும் இருக்கிற வீடுகள் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே உள்ள 415 வோல்ட்டை லோடுக்குத் தக்கபடி பிரித்துக்கொள்ளும்; ஏசி, ஹீட்டர் ஓடுகிற பக்கம் வோல்ட்டேஜ் இறங்கும், லோடு குறைந்த பக்கம் 230-ஐத் தாண்டி 300, 350 என்று ஏறும். நாங்கள் இந்த ஏறுகிற பக்கம். பல்பெல்லாம் கண்ணைப் பறித்தது, கொஞ்ச நேரத்தில் ஸ்பைக் கார்டிலிருந்து புகை. திறந்தால் உள்ளே எம்ஓவி என்கிற சின்னப் பாகம் கருகிக் கிடந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன், மைக்ரோசெகண்டில் வந்து போகிற துள்ளலை அமுக்கத்தான் அது இருக்கிறது, 350 வோல்ட் தொடர்ந்து நின்றால் சூடேறிச் செத்துப்போகும். கூடவே டிவி, ஸ்பீக்கரையெல்லாம் இணைக்கிற ஏவி ரிசீவரில், அணைத்து வைத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாண்ட்பை சப்ளையும் போச்சு. 350 வோல்ட் ஏசி டிசி ஆகும்போது 490-ஐத் தாண்டிவிடும், உள்ளே இருக்கிற கெப்பாசிட்டரோ பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட்டுக்கானது, வெடிக்காமல் என்ன செய்யும்? பழைய ஸ்டீரியோ ஆம்ப் மட்டும் தப்பியது, அதன் சுவிட்ச் நிஜமாகவே லைனைத் துண்டிக்கிற ரகம்.

இப்போது வீட்டுக்குக் கரண்ட் பிரிகிற டிபி பாக்ஸில் ஓவர்-அண்டர் வோல்ட்டேஜ் ரிலே இருக்கிறது. 270-க்கு மேல் போனால் கட் ஆகும், லைன் சரியான பிறகும் கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பக் கொடுக்கும். கரண்டைச் சுத்தப்படுத்தும் என்று ஆடியோக் கடையில் விற்கிற பவர் கண்டிஷனர் விலையோடு பார்த்தால் இது காசே இல்லை.

———

எங்களுக்கு இடி கரண்ட் லைன் வழியாக வரவில்லை சார். மொட்டைமாடி டிஷ் கேபிளில் இறங்கி, செட்டாப் பாக்ஸைத் தொட்டு, எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்குப் போயிருக்கிறது. இத்தனைக்கும் ரிசீவரின் பிளக்கை மழை தொடங்கியதுமே பிடுங்கிவிட்டோம்! சர்வீஸில் எச்டிஎம்ஐ போர்டை மாற்றச் சொன்னார்கள், அந்தத் தொகைக்குச் செகண்ட்ஹேண்டில் வேறு செட்டே கிடைக்கும். பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் டிஷ் கேபிள், லேன் கேபிள் இரண்டையும் சேர்த்தே பிடுங்கிவிடுங்கள்.

———

என் கதையில் எதுவும் எரியவில்லை, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓயாத ஹம். கடைக்காரர் கண்டிஷனர் வாங்கினால் போய்விடும் என்றார். கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பார்த்தேன், சட்டென்று நின்றது. எர்த் லூப், அதாவது செட்டும் கேபிளும் தனித்தனி இடத்தில் எர்த் ஆகி, நடுவே கரண்ட் சுற்றுகிறது, அவ்வளவுதான். சிலர் இதற்கு பிளக்கின் எர்த் பின்னையே உடைக்கச் சொல்கிறார்கள், தயவுசெய்து அது வேண்டாம், செட்டின் உடம்பில் கரண்ட் ஏறினால் நம்மைக் காப்பாற்றுவது அந்தப் பின்தான். அதே சாக்கில் எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தார். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது இருபதைத் தாண்டி நின்றது, கோடையில் எர்த் குழி காய்ந்து மண் பாளமாகிவிட்டதாம். குழியைப் புதுப்பித்த பிறகுதான் டிபியில் சர்ஜ் அரெஸ்டர் மாட்டினார், எர்த் சரியில்லாத வீட்டில் அது இடியை எங்கே கொண்டுபோய் இறக்கும்?

முதலில் எழுதியவரிடம் ஒன்று கேட்கணும்: அந்த ரிலே வீடு முழுக்கவா, ஆடியோ லைனுக்கு மட்டுமா? எத்தனை ஆம்ப் ரேட்டிங்?