ஷோப்பினின் ஓபஸ் 9, எண் 2: வெறும் இனிப்புதானா?

நிலாமுற்றம்
பியானோ இசையமைப்பாளர் ஷோப்பினைக் கேட்க ஆரம்பிப்பவர்களிடம் நாம் எல்லோரும் முதலில் நீட்டுவது ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 9, எண் 2 ஆன ஈ ஃப்ளாட் மேஜர் நாக்டர்னைத்தான் (நாக்டர்ன்: இரவின் மனநிலையில் அமைந்த சிறு பியானோப் படைப்பு). எனக்கு இதில் சம்மதமில்லை. இருபதை ஒட்டிய வயதில் எழுதியது. மொத்தம் 34 பார் (தாளச் சுற்று). அழகான ஒரு மெட்டு நான்கு முறை வருகிறது; அடியில் இடக்கை ஏறக்குறைய கடைசி வரை ‘அடிச்சுரம், கார்டு, கார்டு’ (கார்டு: சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) என்றே போகிறது. இதில் கனம் எங்கே? 1841இல் எழுதிய சி மைனர் நாக்டர்னை (ஓபஸ் 48, எண் 1) கேளுங்கள். நடுவில் தேவாலயப் பாட்டுபோல மெதுவாக எழும் கார்டுகளுக்குள் ஆக்டேவ்கள் (ஒரே சுரம் இரண்டு ஸ்தாயிகளில் சேர்ந்து ஒலிப்பது) புகுந்து புயலாகின்றன. அதற்குப் பிறகு திரும்பி வரும் முதல் மெட்டுக்கு மூச்சு வாங்குகிறது. அந்த ஷோப்பினை அல்லவா முதலில் காட்ட வேண்டும்?

கறுப்புவெள்ளை
ஓபஸ் 48 எனக்கும் உயிர். ஆனால் ‘மெட்டு நான்கு முறை வருகிறது’ என்றீர்களே, ஒருமுறைகூட அது அப்படியே வருவதில்லை. 5ஆம் பாரில் திரும்பும்போதே நகாசு சேர்ந்துவிடுகிறது. அப்புறம் வர வர ட்ரில் (பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டு வேகமாக மாறி மாறி ஒலிப்பது), சுழிப்பு, அரைச்சுரம் அரைச்சுரமாகச் சறுக்குவது என்று கூடிக்கொண்டே போகிறது. ஒரு பல்லவி வரிக்குச் சங்கதி வளர்வதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே புரியும். இத்தாலிய ஓபரா பாடகர்களை ஷோப்பின் விரும்பிக் கேட்டவர், மாணவர்களையும் கேட்கச் சொன்னவர். வலக்கை பாடுகிறது. அது பாடுவதற்காகத்தான் இடக்கை அசையாமல் நிற்கிறது.

மழைக்குருவி
இடையில் ஒன்று. இதை ‘இனிப்பு’ என்று நாம் சொல்கிறோம். வெளிவந்த காலத்தில் புகார் நேர் எதிராக இருந்தது. நாக்டர்ன் என்ற வடிவத்தைத் தொடங்கியவர் அயர்லாந்துக்காரர் ஜான் ஃபீல்ட். 1833இல் பெர்லின் விமர்சகர் ரெல்ஷ்டாப் இருவரையும் ஒப்பிட்டு, ஃபீல்ட் புன்னகைக்கும் இடத்தில் ஷோப்பின் முகத்தைக் கோணுகிறார், ஃபீல்ட் கொஞ்சம் மசாலா தூவும் இடத்தில் இவர் ஒரு கை மிளகாய்ப்பொடியைக் கொட்டுகிறார் என்ற பொருளில் எழுதினார்.

நிலாமுற்றம்
மிளகாய்ப்பொடி எனக்குப் புதுச் செய்தி, நன்றி. ஆனால் சங்கதி ஒப்பீட்டை ஏற்க மாட்டேன். பாடகர் மேடையிலேயே ஒரு சங்கதியைப் புதிதாகப் பிடிக்கலாம். இங்கே ஒவ்வொரு சுழிப்பும் அச்சில் இருக்கிறது. அதை மதிக்காமல் ரூபாட்டோ (காலத்தை நெகிழ்த்தி வாசிப்பது) என்ற பெயரில் பாருக்குப் பார் ஜவ்வாக இழுக்கிறார்கள். நிமிடத்துக்கு 132 எட்டாம் பங்கு சுரங்கள் என்று வேகத்தைச் சொல்லும் மெட்ரோனோம் குறி இருக்கிறது. அந்த நடையில் வாசிப்பவரைத் தேட வேண்டியிருக்கிறது. நான் இனிப்பு என்றது பாதி இந்த இழுவையைத்தான்.

கறுப்புவெள்ளை
இழுவை விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம். இடக்கைதான் இசைக்குழுவை நடத்துபவர், அது தடுமாறக் கூடாது என்று ஷோப்பினே மாணவர்களிடம் சொன்னதாக அவரிடம் படித்த லென்ஸ் பதிவு செய்திருக்கிறார். இந்த நாக்டர்னின் இடக்கைப் பகுதியை முதலில் இரண்டு கைகளுக்கும் பிரித்து வாசித்துப் பழகச் சொன்னாராம்; கார்டுகள் கிட்டார்கள் கூடி ஒலிப்பதுபோல் கேட்க வேண்டுமாம்.

ஆனால் ‘எல்லாம் அச்சில் இருக்கிறது’ என்பது சரியில்லை. இதே நாக்டர்னுக்கு மாணவர்களின் பிரதிகளில் அவர் தன் கையாலேயே வேறு வேறு நகாசுகளை எழுதிக் கொடுத்திருக்கிறார். போலந்தின் தேசியப் பதிப்பில் அவற்றைப் பார்க்கலாம். ஷோப்பினின் மாணவர் மிக்குலி. அவரிடம் படித்த கோச்சால்ஸ்கி இந்த மாற்றுகளோடு வாசித்த பதிவும் இருக்கிறது. ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு இன்னொன்று என்று எழுதிக் கொடுத்தவர் அச்சோடு நின்றவரா?

நிலாமுற்றம்
கோச்சால்ஸ்கியை இப்போதுதான் கேட்டுவிட்டு வருகிறேன். நான் பயந்த இழுவை இல்லை. மேலே அவ்வளவு சுரங்கள் தெறிக்கின்றன, ஆனாலும் மெட்டு எங்கேயும் தொலைவதில்லை. சரி, நகாசு பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் முடிவுப் பகுதி? திடீரென்று உச்சக் குரலில் ஆக்டேவ்கள், உடனே தாளமே இல்லாத அந்தச் சுழல். அந்த ஆவேசத்துக்கு அதற்கு முன்னால் காரணமே இல்லையே. ஓபஸ் 48இல் புயலுக்குக் கருமேகம் முன்பே தெரிகிறது.

கறுப்புவெள்ளை
34 பாரிலும் இடக்கை நடை நின்றுபோவது அங்கே ஒரே இடத்தில்தான். வலக்கை தனியாக, பிடிக்க எதுவும் இல்லாமல் சுழன்றுவிட்டு, மிக மெல்லிய இரண்டு பாருக்குள் திரும்பி வந்து அமைகிறது. அவ்வளவு நேரம் தாங்கிய கை விலகினால் எப்படி இருக்கும் என்பதை நான் அங்கேதான் உணர்கிறேன். இன்னொரு முறை இடக்கையை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள்.