இஸ்தான்புல்: சனி இரவு இறங்கினால் முதல் மூன்று நாளை எப்படிப் பிரிப்பது?

தாமிரபரணி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மே மாத நடுவில் சனிக்கிழமை இரவு 8 மணி சுமாருக்கு இஸ்தான்புல் புதிய விமான நிலையத்தில் இறங்குகிறோம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் முழுதாக ஊர் சுற்ற. புதன் காலை சபிஹா கோக்சென் விமான நிலையத்திலிருந்து கப்படோக்கியா. தங்குவது சிர்கெஜி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். நான், கணவர், அப்பா, அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. நடப்பார், ஆனால் படிக்கட்டு ஆகாது. அப்பாவும் அம்மாவும் சைவம், முட்டை சாப்பிடுவார்கள்.

இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம்: ஞாயிறு பெரிய பஜார், நீல மசூதி. திங்கள் டோல்மாபாச்சே அரண்மனை, போஸ்பரஸ் படகு. செவ்வாய் டோப்காப்பி அரண்மனை, அயா சோஃபியா, நிலத்தடி நீர்த்தேக்கம். இது சரிப்படுமா? அயா சோஃபியாவுக்குத் தலைக்கு 25 யூரோ தகுமா?

---

கல்வெட்டு மணி பதில்:

மேடம், மூன்று நாளிலும் ஒவ்வொரு பூட்டிய கதவு இருக்கிறது. பெரிய பஜாருக்கு ஞாயிறு விடுமுறை. டோல்மாபாச்சே திங்கள் மூடல். டோப்காப்பி செவ்வாய் மூடல். இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தை அல்ல, எது எந்தக் கிழமை மூடல் என்பதை. அதற்கு அடுத்தது தொழுகை நேரம். மே மாதத்தில் நண்பகல் தொழுகை 1 மணியை ஒட்டி வரும், பிற்பகல் தொழுகை 5 மணியை ஒட்டி. அதற்கு நல்ல இடைவெளி முன்பே நீல மசூதியில் பார்வையாளர்களை உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். அன்றைய நேரம் வாசல் பலகையில் இருக்கும்.

நாட்களை இப்படி மாற்றுங்கள்.

ஞாயிறு முழுக்க சுல்தானாமெட் சதுக்கம். காலை 8.30க்குப் பழைய குதிரைப் பந்தயத் திடல். அது திறந்தவெளி, கட்டணம் கிடையாது. அந்த நேரத்தில் கூட்டமும் இருக்காது. எகிப்திலிருந்து வந்த தூபியை கி.பி. 390இல் பேரரசர் தியோடோசியஸ் அங்கே நிறுத்தினார். தூபியை அண்ணாந்து பார்ப்பவர்கள் அடிப்பீடத்தை விட்டுவிடுகிறார்கள். பேரரசர் மேடையில் உட்கார்ந்து பந்தயம் பார்ப்பது, அந்தத் தூபியையே கயிறு கட்டித் தூக்குவது எல்லாம் அதில் செதுக்கியிருக்கிறது. பக்கத்தில் மூன்று பாம்பு பின்னியது போல முறுக்கிய வெண்கலத் தூண், கிரேக்கர்கள் கி.மு. 479இல் பாரசீகரை வென்றதற்கு டெல்ஃபியில் வைத்தது. பாம்புத் தலைகள் இப்போது அதில் இல்லை. ஒரு தலையின் மேல்தாடை தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

9 மணிக்கு அயா சோஃபியா வரிசையில் நில்லுங்கள். அங்கிருந்து 11 மணிக்குள் நீல மசூதி. அங்கே கட்டணம் இல்லை. நண்பகல் தொழுகைக்காக அதை மூடும் நேரத்தில் நீர்த்தேக்கத்துக்குள் இறங்கிவிடுங்கள். தொழுகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லாததால் அந்த இடைவெளிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 12 வரிசை, வரிசைக்கு 28, ஆக 336 தூண்கள். தூண்களுக்கு அடியில் இருக்கும் மெடூசா (பாம்புக் கூந்தல் கொண்ட புராண அரக்கி) தலைகள் இரண்டும் உள்ளே தூரத்து மூலையில். ஒன்று தலைகீழாக, ஒன்று பக்கவாட்டில். மாலையில் கட்டணம் கூடுதல், பகலிலேயே முடித்துவிடுங்கள்.

திங்கள் டோப்காப்பி, 9 மணிக்கு வாசலில். குழுக்களாக வருபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் முற்றத்துச் சமையற்கூடங்களில் தொடங்குவார்கள். நீங்கள் நேராக மூன்றாம் முற்றத்துக் கருவூலத்துக்குப் போய்விட்டு, பிறகு திரும்பி வந்து அந்தப்புரம் பாருங்கள். அதன் வாசல் இரண்டாம் முற்றத்தில் இடப்பக்கம். கருவூலத்தில் 86 காரட் வைரத்தின் முன்னால்தான் நெரிசல். எனக்குக் கேட்டால் மரகதக் குத்துவாள் முன்னால் நில்லுங்கள் என்பேன். பிடியில் மூன்று பெரிய மரகதம், பிடியின் நுனியில் மூடிக்குள் ஒரு குட்டிக் கடிகாரம். 1747இல் சுல்தான் முதலாம் மஹ்மூத் இதை நாதிர் ஷாவுக்குப் பரிசாக அனுப்பினார், ஆம், 1739இல் டெல்லியைச் சூறையாடிய அதே நாதிர் ஷாதான். பரிசு வழியில் இருக்கும்போதே அவர் கொல்லப்பட்டதால் அது திரும்பி வந்துவிட்டது.

டோப்காப்பிக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் வையுங்கள். அதே சரிவில் கீழே தொல்லியல் அருங்காட்சியகம். கால் தாங்கினால் 'அலெக்சாண்டர் கல்சவப்பெட்டி' ஒன்றுக்காகவாவது போங்கள். அது அலெக்சாண்டருடையது இல்லை, அவர் செதுக்கப்பட்டிருப்பதால் அந்தப் பெயர். 1887இல் சிடோனில் எடுத்தது. பழைய வண்ணத்தின் மிச்சத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

செவ்வாய் பெரிய பஜார், சுலைமானியே மசூதி, மசாலா பஜார், மாலை படகு. டோல்மாபாச்சேயை விட்டுவிடுங்கள். செவ்வாயன்று திறந்திருக்கும், ஆனால் இரண்டு நாளில் இரண்டு அரண்மனை பெரியவர்களுக்குத் திகட்டும்.

அயா சோஃபியா: 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு மேல்மாடம் மட்டும்தான், கீழ்த்தளம் தொழுகைக்கு. மேல்மாடத்தில்தான் முக்கியமான மொசைக்குகள் இருக்கின்றன, ஆகவே தகும். ஒரு எச்சரிக்கை: பெரிய குவிமாடத்தில் சீரமைப்பு வேலை நடப்பதால் உள்ளே சாரம் நிற்கிறது. முழுக் குவிமாடமும் ஒரே பார்வையில் தெரியும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

---

ரயில் சிநேகன் பதில்:

மணி சாரின் நாள் பிரிப்பு சரி. அம்மாவின் முழங்காலை வைத்து மட்டும் சில திருத்தம்.

அயா சோஃபியா மேல்மாடத்துக்குப் படி கிடையாது, சுற்றிச் சுற்றி ஏறும் கல்சரிவு. கல் தேய்ந்து மேடு பள்ளமாக இருக்கும், வெளிச்சமும் குறைவு. மெதுவாக ஏறினால் ஏறிவிடலாம்; இறங்கும்போதுதான் கவனம். அம்மாவுக்குச் சந்தேகம் இருந்தால் அவருக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுக்காதீர்கள், 25 யூரோ வீணாகும். வெளியே பூங்காவில் நிறைய பெஞ்ச் இருக்கிறது.

நீர்த்தேக்கத்துக்கு 52 படி இறங்க வேண்டும், பிறகு ஏறியும் ஆக வேண்டும். உள்ளே நடைபாதை சமதளம், ஆனால் மேலிருந்து சொட்டுவதால் ஈரம். அம்மாவுக்கு இது வேண்டாம்.

செவ்வாய்க்கிழமைக்கு எல்லோரும் சொல்வது: டிராமில் மேட்டுக்குப் போய், பஜாரிலிருந்து சந்து வழியாக இறங்கியபடியே எமினோனு படகுத்துறைக்கு வந்துவிடலாம் என்று. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. அந்தச் சந்துகள் செங்குத்து, நெரிசல், சுமை வண்டி வேறு குறுக்கே வரும். டாக்ஸியில் சுலைமானியே வாசலுக்கே போய்விடுங்கள். அங்கிருந்து பஜார் வரை பெரும்பாலும் மேட்டுத்தளம்தான். பஜார் முடிந்ததும் பெயாசிட் நிறுத்தத்தில் டி1 டிராம் ஏறினால் நான்கைந்து நிறுத்தத்தில் எமினோனு. உங்கள் விடுதி இருக்கும் சிர்கெஜியும் அதே தடம்தான். சுல்தானாமெட்டிலிருந்து திரும்பும்போதும் நடக்காமல் அதையே பிடியுங்கள்.

சனி இரவு: மெட்ரோவில் வரலாம்தான். எம்11இல் கைரெத்தெபே, அங்கே எம்2வுக்கு மாறி யெனிகாப்பி, மறுபடி மர்மராய் ரயிலில் ஒரே நிறுத்தம் சிர்கெஜி. ஆனால் இரண்டு முறை மாற வேண்டும், கைரெத்தெபேயில் நிலத்தடியில் நெடுநடை, சிர்கெஜி நிலையமோ பாதாளத்தில் இருக்கிறது. நான்கு பெட்டியோடு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு இரவில் இது வேண்டாம். டாக்ஸி எடுங்கள். மூன்று நிறம் உண்டு: மஞ்சள் மலிவு, நீலப்பச்சை அதற்கு மேல், கறுப்பு எல்லாவற்றையும்விட அதிகம். மூன்றிலும் மீட்டர் இருக்கும். ஓடுகிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள். நோட்டு கொடுக்கும்போது மதிப்பை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். 200 லிராவை வாங்கிக்கொண்டு 20 என்று மாற்றிக் காட்டுவது பழைய தந்திரம்.

போக்குவரத்து அட்டை (இஸ்தான்புல்கார்ட்) இயந்திரத்தில் கிடைக்கும், டிராம், மெட்ரோ, படகு எல்லாவற்றுக்கும் அதுதான். நான்கு பேருக்கும் ஒரே அட்டையை நான்கு முறை தட்டலாம். ஆனால் அடுத்த வண்டி மாறும்போது கிடைக்கும் மாற்றுச் சலுகை முதல் ஆளுக்கு மட்டும். இயந்திரம் மீதி தராது, சில்லறை நோட்டு வைத்திருங்கள். மர்மராயில் ஏறும்போது முழுத்தூரக் கட்டணத்தையும் பிடித்துவிடும். வெளியே வரும்போது அங்கிருக்கும் சிறு இயந்திரத்தில் அட்டையை வைத்தால் மிச்சம் திரும்பும். தெரியாதவர்கள் நேராக வெளியே போய்விடுகிறார்கள், பணம் போனது போனதுதான்.

---

தாமிரபரணி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. நாட்களை மாற்றிவிட்டேன். மியூசியம் பாஸ் எடுக்கலாமா? சாப்பாடு பற்றியும் யாராவது சொல்லுங்கள், அப்பா இப்போதே ஊறுகாய் பாட்டில் எடுத்து வைத்துவிட்டார்.

---

சாம்பார் வாளி பதில்:

ஊறுகாய் இருக்கட்டும் அக்கா, வீண்போகாது. ஆனா பட்டினி கிடக்க வேண்டியிருக்காது.

பாஸ் வேண்டாம். நீங்க போற இடத்துல அயா சோஃபியா, நீர்த்தேக்கம் ரெண்டுக்கும் அது செல்லாது, மசூதிகள் இலவசம். மிச்சம் இருக்கிறதுக்குத் தனி டிக்கெட்டே லாபம்.

காலை விடுதியிலயே முடிஞ்சிரும்: சீஸ், ஆலிவ், தக்காளி, வெள்ளரி, ரொட்டி, முட்டை. வெளியேன்னா மெனெமென் கேளுங்க. தக்காளி, பச்சை மிளகாய் வதக்கி முட்டை உடைச்சு ஊத்தினது, அப்பாவுக்குப் பிடிக்கும். சில கடையில சுஜுக்னு மாட்டிறைச்சித் தொத்திறைச்சி சேர்த்துத் தருவாங்க, 'சுஜுக்சுஸ்'னு சொல்லிடுங்க.

மதியத்துக்கு எஸ்நாஃப் லோகந்தாசி வகைக் கடைகளைத் தேடுங்க. சமைச்சதை எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால தட்டுல வச்சிருப்பாங்க, விரலைக் காட்டி வாங்கிக்கலாம். ஆலிவ் எண்ணெயில செஞ்சு ஆறவச்ச பச்சை பீன்ஸ், கத்திரிக்காய் எல்லாம் பெரும்பாலும் சுத்த சைவம். ஏமாறுற இடம் மூணு. வெள்ளை பீன்ஸ் குழம்பு: பார்க்க நம்ம ராஜ்மா மாதிரி இருக்கும், அடியில ஆட்டுக்கறித் துண்டு கிடக்கலாம். பருப்பு சூப்: பருப்புதான், ஆனா சில இடத்துல எலும்புத் தண்ணியில வேக வைப்பாங்க. சோறு: சிலர் கோழித் தண்ணி ஊத்துவாங்க. மூணுக்கும் ஒரே கேள்வி போதும், "இச்சிந்தே எட் யா தா எட் சுயு வார் மி?", அதாவது இதுல கறியோ கறித் தண்ணியோ இருக்கா? கோழிக்கு "எட்" இடத்துல "தாவுக்"னு போடுங்க. கறி இல்லாம வேணும்னா "எட்சிஸ்". கோழி கறியில சேர்த்தி இல்லைன்னு நினைக்கிற பரிமாறுறவரும் உண்டு, அதனால ரெண்டையும் தனித்தனியா சொல்லணும்.

கண்ணை மூடிட்டு வாங்கலாம்னா: கோஸ்லெமே, உருளைக்கிழங்கோ சீஸோ வச்சுத் தோசைக்கல்லு மாதிரித் தட்டுல சுடுறது. தெரு வண்டியில எள்ளு தூவின சிமித். அய்ரான், அதாவது உப்பு மோர். நம்ம மோரைவிடக் கொஞ்சம் கெட்டியா இருக்கும். சீ கோஃப்தே பேரைக் கேட்டா பச்சைக் கறின்னு பயமுறுத்துவாங்க, கடைகள்ல இப்ப விக்கிறது கோதுமை நொய்யும் மிளகாய் விழுதும் பிசைஞ்சது, காரம் உண்டு. குழாய்த் தண்ணி வேண்டாம், பாட்டில் வாங்குங்க.

மசூதிக்கு: பெண்கள் தலையை மூடணும், சொந்தத் துப்பட்டா கையில இருந்தா வாசல்ல கடன் துணிக்கு நிக்க வேண்டாம். ஆண்களுக்கு முட்டி தெரியக் கூடாது. செருப்பைப் போட்டுக்க ஒரு துணிப்பை, எல்லாருக்கும் காலுறை.

---

கல்வெட்டு மணி பதில்:

விட்டுப்போனவை சில.

ஷூ பாலிஷ் போடுபவர் உங்கள் முன்னால் நடந்தபடி பிரஷைத் தவறவிடுவார். எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கடன் என்று உங்கள் காலைப் பிடித்து பாலிஷ் போட்டுவிட்டு, கடைசியில் பெரிய தொகை கேட்பார். பிரஷ் தற்செயலாக விழுவதில்லை, விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

அட்டையில் பணம் செலுத்தும்போது இயந்திரம் லிராவா ரூபாயா என்று கேட்டால் லிராவையே தட்டுங்கள், ரூபாயில் அவர்கள் போடும் மாற்று விகிதம் மோசம். இ-சிம் வாங்குவதானால் ஊரிலேயே வாங்கி நிறுவிவிடுங்கள். விற்கும் இணையதளங்கள் பல துருக்கிக்குள் திறப்பதில்லை.

விசா எடுத்தாகிவிட்டதா? இந்தியக் கடவுச்சீட்டுக்கு, கையில் செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டன் அல்லது அயர்லாந்து விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் மட்டுமே இணையத்தில் மின்விசா கிடைக்கும். நான்கு பேரில் ஒருவருக்கு இல்லாவிட்டாலும் அவருக்கு ஒட்டு விசாதான் (விண்ணப்பித்துக் கடவுச்சீட்டில் ஒட்டி வாங்குவது), அதற்கு நாள் பிடிக்கும்.

செவ்வாய் மாலைப் படகு: துறையில் கூவிக் கூப்பிடும் சுற்றுலாப் படகுகளை விடுங்கள். எமினோனுவிலிருந்து உஸ்குதாருக்குப் போகும் சாதாரணப் பயணிகள் படகே போதும், அட்டையைத் தட்டி ஏறலாம், 20 நிமிடத்துக்குள் ஆசியக் கரை. போகும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் டோப்காப்பி முனை தெரியும், திரும்பும்போது இடப்பக்கம். மே நடுவில் சூரியன் 8.15 சுமாருக்குத்தான் மறையும். 7.30க்கு அங்கிருந்து திரும்பும் படகைப் பிடித்தால் மசூதிகளின் வரிசை முழுக்க எதிர்வெயிலில் நிற்கும்.

---

ரயில் சிநேகன் பதில்:

புதன் காலை விமானம் எத்தனை மணிக்கு? சபிஹா கோக்சென் ஆசியக் கரையில், நீங்கள் இறங்கும் விமான நிலையத்துக்கு நேர் எதிர்த்திசை. சிர்கெஜியில் மர்மராய் ஏறி இரண்டாவது நிறுத்தமான அய்ரிலிக் செஷ்மெசியில் எம்4க்கு மாறினால் நேராக விமான நிலையம். காத்திருப்பையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வையுங்கள். முதல் ரயில் 6 மணி வாக்கில்தான். 9 மணிக்கு முந்தைய விமானம் என்றால் அது ஒத்துவராது, முந்தின இரவே விடுதியில் சொல்லி டாக்ஸி பேசிவிடுங்கள்.

---

தாமிரபரணி எழுதியது:

7.40க்கு விமானம். டாக்ஸியே சொல்லிவிடுகிறேன். விசா என் கணவருக்கு மட்டும் ஒட்டு விசா, விண்ணப்பம் போன வாரம் கொடுத்தாயிற்று.