புதுப்பிப்பு: 4×5 நெகட்டிவில் தூசி, இப்போது இல்லை

4×5 ஷீட் ஃபிலிம் (பெரிய கேமராவில் போடும் 4×5 அங்குலத் தனித்தாள் ஃபிலிம்) கழுவியபின் காயும்போது தூசி ஒட்டுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. பலித்தது, குளியலறையில் ஆவி நிரப்பிக் காற்றிலுள்ள தூசியைப் படியவைக்கும் யோசனைதான். எக்ஸாஸ்ட் ஃபேன் போடாமல் வெந்நீர் ஷவரைப் பத்து நிமிடம் திறந்துவிட்டேன். ஆவி அடங்கியதும் ஃபிலிமைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினேன். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில், லிட்டருக்கு 5 மி.லி. போட்டோ-ஃப்ளோ (நீர்க்கறை விழாமல் வழியச் செய்யும் திரவம்) கலந்து. ஒரு மூலையில் மட்டும் கிளிப் போட்டால் நீர் எதிர்மூலைக்கு வழிந்து ஒரே சொட்டாக நிற்கிறது. அதை விரல்நுனியால் தொட்டு எடுத்தால் போதும், துடைக்க வேண்டாம்.

எதிர்பாராத ஒன்று: முதல் தடவை நூல்நூலாக ஏதோ ஒட்டியிருந்தது. லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்த்தால் நீல இழை. கொடியில் கிடந்த என் துண்டு! அதை வெளியேற்றிய அப்புறம் ஆறு நெகட்டிவிலும் சேர்த்து ஒரே ஒரு புள்ளி. ஈரக்காற்று என்பதால் காய நான்கு மணி நேரம் பிடித்தது.