ரென்சோ தே வெக்கி: 43 ஆட்டங்களுக்கு இத்தனை புகழா?

கேள்வி (மைதான ஓரம்):
இத்தாலியின் பழைய கால்பந்துத் தடுப்பாட்டக்காரர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ரென்சோ தே வெக்கியின் பெயர் வந்துவிடுகிறது. அவரை 'கடவுளின் மகன்' என்றே அழைத்திருக்கிறார்கள். ஆனால் 1910 முதல் 1925 வரை நாட்டுக்காக அவர் ஆடியவை 43 ஆட்டங்களே. இன்றைய வீரர் நான்கைந்து ஆண்டுகளில் அதை எட்டிவிடுவார். இந்தப் புகழ் சற்று மிகையானதில்லையா?

பதில் (பழம்பந்து):
மிகையில்லை. இத்தாலி அணி தன் முதல் ஆட்டத்தையே 1910 மே 15 அன்றுதான் ஆடியது. பதினொரு நாள் கழித்துப் புடாபெஸ்டில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில், 1894 பிப்ரவரி 3 அன்று பிறந்த தே வெக்கி களமிறங்கினார்; அப்போது அவருக்கு வயது 16 ஆண்டு, 3 மாதம், 23 நாள். ஹங்கேரி 6-1 என்று வென்றது. பள்ளிப் பையன் வயதில், ஆறு கோல் வாங்கிய அணியின் தற்காப்பில் நின்ற ஒருவர் அதோடு காணாமல் போகாமல், 1912, 1920, 1924 என மூன்று ஒலிம்பிக்கிலும் ஆடியிருக்கிறார். இடையில் 1915 ஜனவரிக்குப் பிறகு 1920 ஜனவரி வரை போரின் காரணமாக இத்தாலி ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அவருடைய 21 முதல் 25 வயது வரை அப்படியே போய்விட்டது. அதைக் கழித்துவிட்டு 43ஐப் பாருங்கள்.

பதில் (ஆஃப்சைடு கொடி):
ஆட்ட முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1925 வரை, பந்து அனுப்பப்படும் நேரத்தில் தாக்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் குறைந்தது மூன்று பேராவது இருக்க வேண்டும் என்பது விதி; இல்லையென்றால் அது ஆஃப்சைடு என்ற தவறு. அணியின் பின்வரிசையில் கோல்கீப்பரும் இரண்டு தடுப்பாட்டக்காரர்களும் மட்டுமே நிற்பார்கள். அந்த இருவரில் ஒருவர் சரியான நொடியில் நான்கடி முன்னேறினால் போதும், எதிரணியின் முன்வரிசையே ஆஃப்சைடில் சிக்கிவிடும். நொடி தவறினாலோ, பின்னால் காப்பாற்ற ஒரே ஒரு துணைதான் உண்டு. ஆகவே அந்த இடத்துக்கு வேகத்தைவிடக் கணிப்பு தேவைப்பட்டது.

மைதான ஓரம்:
இதை நான் யோசிக்கவில்லை. கழக ஆட்டத்தில் அவர் சாதித்தது என்ன?

பழம்பந்து:
மிலானில் தொடங்கி 1913இல் ஜெனோவா கழகத்துக்கு மாறினார். அங்கே பயிற்சியாளராக இருந்த ஆங்கிலேயர் வில்லியம் கார்பட்டை வீரர்கள் 'மிஸ்டர்' என்றே அழைத்தார்கள். இத்தாலியில் பயிற்சியாளரை இன்றும் அப்படித்தான் விளிக்கிறார்கள். ஜெனோவாவோடு தே வெக்கி மூன்று பட்டங்கள் வென்றார். அவற்றுள் 1922–23 பருவத்தில் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அதற்கடுத்த பட்டமே அக்கழகத்தின் ஒன்பதாவதும் இன்றுவரை கடைசியுமான லீக் பட்டம். 1914–15 பட்டம் மட்டும் வில்லங்கமானது. இத்தாலி போரில் இறங்கியதால் கடைசிச் சுற்று நடக்கவேயில்லை. முன்னிலையில் இருந்த ஜெனோவாவுக்குப் போர் முடிந்த பிறகு பட்டத்தைக் கொடுத்தார்கள். ரோம் நகரின் லாட்சியோ ஆதரவாளர்கள் அதில் பங்கு கேட்டு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.