ஒரே லைனில் பேச்சு, தொலைநகல், மோடம்: உங்களுக்கு நடந்தது என்ன?

வெள்ளவத்தையான்
1998. வீட்டு முன்னறைதான் என் மொழிபெயர்ப்பு அலுவலகம். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு எல்லாம் லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் இரவில்தான் தொலைநகலில் வந்து விழும். இருந்தது ஒரே லைன். படுக்கப் போகுமுன் தொலைபேசியின் மணியைக் குறைத்து, இரண்டாவது மணிக்கே தொலைநகல் எடுக்கும்படி வைத்துவிடுவேன். ஒருநாள் காலையில் அதை மாற்ற மறந்துவிட்டேன்.

அன்று அம்மா வவுனியாவில் ஒரு கொமியுனிகேஷனில், காசு கொடுத்துத் தொலைபேசி எடுக்கும் கடையில், நின்று அழைத்திருக்கிறார். பயண அனுமதிப் பாஸ் கிடைத்துவிட்டது, இன்றைய ரயிலில் வருகிறேன், கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு வா என்று சொல்வதற்காக. இரவு எட்டு மணிக்கு ஒரு முச்சக்கர வண்டி வாசலில் நின்றது. பிற்பகல் முழுவதும் ஸ்டேஷன் வாங்கில் பையை மடியில் வைத்துக்கொண்டு, பொலிஸ் பதிவு கேட்பார்களோ என்று நடுங்கியபடி இருந்திருக்கிறார். "மூன்று தரம் எடுத்தேன் தம்பி. எடுத்தவுடனே கீச்சென்று கத்துகிறது. உனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன்" என்றார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கொட்டாஞ்சேனை வாசி
அண்ணா, தவறு தொலைநகலில் இல்லை. லைனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று வாங்கியிருக்க வேண்டும். அழைக்கும் தொலைநகல் மூன்று விநாடி இடைவெளி விட்டு விட்டு அரை விநாடி 1100 ஹேர்ட்ஸ் ஒலி எழுப்பும். பெட்டி அதைக் கேட்டால் தொலைநகலுக்குக் கொடுக்கும், கேட்காவிட்டால் தொலைபேசியை அடிக்கும். எங்கள் கடையில் அதுதான் இருந்தது.

ஆனால் அதிலும் ஒரு கொடுமை உண்டு. ஒலியைக் கேட்பதற்காகப் பெட்டி முதலில் தானே லைனை எடுத்துவிடும், அழைப்பவருக்குக் காசு அப்போதே ஓடத் தொடங்கும். அதன் பிறகு அழைப்பவருக்குக் கேட்கும் மணி, பெட்டி போடும் மணி. பாரிசிலிருந்து தம்பி தொலைபேசி அட்டையில் அழைத்துவிட்டு, "நீங்கள் எடுக்கவேயில்லை, காசு மட்டும் போய்விட்டது" என்று அழுதான். அவன் அறையில் படுத்த படுக்கையாக இருந்த நேரம் அது. நான் மாடியில் இருந்தேன்.

தெகிவளை மாலா
எங்கள் வீட்டில் கணினியைத் தொலைபேசி லைனில் இணைக்கும் மோடம். அக்காவின் பல்கலைக்கழக விண்ணப்பம் மின்னஞ்சலில் போய்க்கொண்டிருந்தது, கடைசி நாள். அம்மம்மா உள்ளறையில் ரிசீவரைத் தூக்கினார். அவ்வளவுதான், இணைப்பு அறுந்தது. "என்ன பிள்ளை, லைனுக்குள் மழை பெய்கிறது" என்றார். அக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை. விடிய நான்கு மணிவரை இருந்து மறுபடி அனுப்பினார்.

புறக்கோட்டை கிளியரிங்
தொலைநகலில் வந்த கப்பல் பத்திரம் பாதியில் நின்று எனக்கும் ஒரு கொள்கலன் இரண்டு நாள் துறைமுகத்தில் கிடந்தது. அது இருக்கட்டும். கொட்டாஞ்சேனைத் தம்பி சொல்வது முழு உண்மையல்ல. கையால் எண்ணை அழுத்தி அனுப்பும் பழைய தொலைநகல்கள் பல அந்த 1100 ஒலியை எழுப்பவே மாட்டா. பெட்டி அவற்றை மனிதர் என்று எண்ணித் தொலைபேசியை அடிக்கும். அழைக்கும் மோடமும் பெரும்பாலும் ஊமைதான், பெட்டிக்கு அது தெரியாது. அனுப்புபவர் எண்ணுக்குப் பின்னால் சில காற்புள்ளிகள் போட்டு, லைனை மோடத்துக்குத் திருப்பச் சொல்லும் பெட்டியின் இரகசிய இலக்கத்தையும் சேர்க்க வேண்டும். ஒரு காற்புள்ளிக்கு மோடம் வழக்கமாக இரண்டு விநாடி காத்திருக்கும்.

பிள்ளை மாலா, சுவரிலிருந்து வரும் கம்பியை முதலில் மோடத்துக்குக் கொடுத்து, மோடத்தின் மற்றத் துளையிலிருந்து தொலைபேசிக்கு எடுத்திருந்தால் பல மோடங்களில் அந்தத் தொலைபேசி இடையில் புகாது. உள்ளறைக்குத் தனிக் கம்பி போயிருந்தால் அதுவும் பயன்படாது. பேசும்போதே இன்னொரு அழைப்பு வருவதை அறிவிக்கும் அழைப்புக் காத்திருப்பு வசதி இருந்தால் அதை நிறுத்திவிட்டே மோடத்தைப் போட வேண்டும், அந்த ஒரு 'டிக்' ஒலி போதும் இணைப்பை அறுக்க. வெள்ளவத்தைத் தம்பி ஐந்தாவது மணிக்கு வைத்திருந்தால் எழுந்து எடுத்திருக்கலாமே?

வெள்ளவத்தையான்
ஐயா, ஐந்துக்கு வைத்தால் சில வெளிநாட்டுக் கருவிகள் காத்திராமல் விட்டுவிடும், வேலை போய்விடும் என்று பயந்தேன். அதுதான் உண்மை. அடுத்த நாளே இரண்டாவது லைனுக்கு விண்ணப்பித்தேன். அம்மா அந்தக் கொமியுனிகேஷனில் வாங்கிய மூன்று பற்றுச்சீட்டுத் துண்டுகளும் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் என்று எழுதியிருக்கிறது.